மூச்சுவழி நொதி: சுவாச வைரஸ் நோய்க்கு எதிராக விலங்குகளில் நடந்த சோதனைகளின் வரலாறு

சுவாச வைரஸ் நோயில் நுரையீரல் கெடுவதற்கு வைரஸின் பெருக்கம் ஒரு காரணம். அந்த வைரஸை எதிர்க்கத் திரளும் வெள்ளணுக்கள் கக்கும் ஆக்சிஜன் நஞ்சுகள் இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தைக் குறிவைத்து, அந்த நஞ்சுகளைச் சிதைக்கும் நொதிகளையே மருந்தாகக் கொடுத்துப் பார்க்கும் முயற்சி 1980களின் இறுதியில் ஜப்பானில் வெளிச்சத்துக்கு வந்தது. முதலில் ஊசியாகவும், பின்னர் நுண்துளிகளாக்கி மூச்சில் கலந்தும், சுண்டெலி, பருத்தி எலி, ரீசஸ் குரங்கு ஆகிய விலங்குகளுக்கு இந்த நொதிகள் கொடுக்கப்பட்டன. முதன்மையானவை இரண்டு: சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூடேஸ் (சுருக்கமாக எஸ்.ஓ.டி.), கேட்டலேஸ்.

இந்த முயற்சியின் தேவை எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு நோயாளியின் நாட்கணக்கை வைத்துப் புரிந்துகொள்ளலாம். இன்ஃப்ளுயன்சாவுக்குத் தரப்படும் ஒசெல்டாமிவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஆனால் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குத் தூக்கிவரப்படுபவர் பெரும்பாலும் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோதான் வருகிறார். அதற்குள் வைரஸின் உச்சம் பலருக்குக் கடந்திருக்கும். நுரையீரலின் வீக்கமோ ஏறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வைரஸை அடிக்கும் மருந்தால் கிடைக்கும் பயன் குறைவு. அப்போது கொடுக்க என்ன இருக்கிறது என்ற கேள்வியே பின்வரும் சோதனைகள் அனைத்துக்கும் அடியில் இருக்கிறது.

இதே கேள்விக்கு முற்றிலும் எதிர்த்திசையில் ஒரு விடை தேடப்பட்டதும் உண்டு. 1919இல், பெருங்கொள்ளைக் காய்ச்சல் காலத்தில், ஈராக்கின் பாஸ்ரா நகரில் முகாமிட்டிருந்த இந்தியப் படைவீரர்களிடையே இன்ஃப்ளுயன்சா நிமோனியா பரவியது. ஆலிவர், மர்பி என்ற இரு மருத்துவர்கள் நோய் முற்றியவர்களின் நாளத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலை ஏற்றினார்கள். நுரையீரலால் தர முடியாத ஆக்சிஜனை இரத்தத்துக்குள் நேரடியாகச் செலுத்துவதாக அவர்கள் எண்ணம். 25 பேருக்கு ஏற்றியதில் 13 பேர் பிழைத்தனர் என்று 1920இல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க முறையான மறுகுழு இல்லாத அறிக்கை அது. பெராக்சைடு இரத்தத்தில் பட்டதும் சிவப்பணுக்களில் உள்ள கேட்டலேஸ் அதை உடைத்து ஆக்சிஜன் குமிழிகளாக்கும். அந்தக் குமிழி நாளத்தை அடைத்து ஆளையே கொல்லக்கூடும். நோயுற்ற நுரையீரலில் உடலே பெராக்சைடைக் கொட்டிக்கொண்டிருக்கிறது என்பது அன்று எவருக்கும் தெரியாது.

மாட்டு இரத்தத்தில் கிடந்த நீலப் புரதம்

கேட்டலேஸின் கதை பழையது. ஹைட்ரஜன் பெராக்சைடை 1818இல் கண்டுபிடித்த பிரெஞ்சு வேதியியலர் தெனார், விலங்குத் திசுக்களில் அது பட்டால் நுரைத்துச் சிதைவதை அப்போதே கவனித்துவிட்டார். 1901இல் அந்தச் செயலுக்குரிய நொதிக்குக் கேட்டலேஸ் என்று பெயரிட்டவர் ஆஸ்கர் லோவ். 1937இல் சம்னரும் டவுன்ஸும் மாட்டு ஈரலிலிருந்து அதைப் படிகமாகவே பிரித்தெடுத்தனர். புண்ணில் பெராக்சைடு ஊற்றினால் பொங்குகிறதே, அந்தப் பொங்கல் கேட்டலேஸின் வேலைதான்.

எஸ்.ஓ.டி.யின் கதை அப்படி நேராகச் செல்லவில்லை. 1938இல் கேம்பிரிட்ஜில் மான், கெய்லின் இருவரும் மாட்டு இரத்தத்திலிருந்து செம்பு கலந்த நீலநிறப் புரதம் ஒன்றைப் பிரித்து அதற்கு ஹீமோகுப்ரீன் என்று பெயரிட்டனர். அதன் வேலை என்னவென்று விளங்கவில்லை. செம்பைச் சேமித்துவைக்கும் பாத்திரம் போலும் என்ற அளவில் முப்பது ஆண்டுகள் அது கிடப்பில் கிடந்தது.

இடையில் 1954இல் ரெபேக்கா கெர்ஷ்மன் என்ற அர்ஜென்டினப் பெண் அறிவியலர், அமெரிக்காவின் ராச்செஸ்டரில் பணியாற்றியபோது, ஒரு துணிச்சலான கருத்தை வெளியிட்டார். அளவுக்கு மீறிய ஆக்சிஜனும் எக்ஸ் கதிரும் உயிரைக் கொல்வது ஒரே வழியில்தான்; இரண்டுமே உடலுக்குள் ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் கட்டற்ற மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன என்றார். அன்றைய உயிர்வேதியியலர்களில் பலருக்கு இது மிகையாகப்பட்டது. கட்டற்ற மூலக்கூறுகள் அவ்வளவு வன்மையானவை என்றால் உயிருள்ள செல்லில் அவை எப்படி இருக்க முடியும் என்பது அவர்களின் ஐயம்.

விடை 1969இல் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. இர்வின் ஃப்ரிடோவிச்சின் மாணவர் ஜோ மெக்கார்ட், சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த நொதி சூப்பர் ஆக்சைடு என்ற கட்டற்ற ஆக்சிஜனை உமிழ்கிறது. வேறு சில புரதத் தயாரிப்புகளைச் சேர்த்தால் அந்த வினை நின்றுபோயிற்று. நிறுத்துவது அந்தப் புரதங்கள் அல்ல, அவற்றில் மாசாகக் கலந்திருந்த இன்னொன்று என்று அவர் கண்டுபிடித்தார். அதைச் சுத்தப்படுத்திப் பார்த்தபோது கையில் கிடைத்தது பழைய நீலப் புரதம். சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சாதாரண ஆக்சிஜனாகவும் மாற்றுவதே அதன் தொழில். அதற்கெனவே ஒரு நொதியை உடல் வைத்திருக்கிறது என்றால், அந்த நஞ்சு உடலில் அன்றாடம் உண்டாகிறது என்றுதான் பொருள். கெர்ஷ்மன் சொன்னது வீண் கற்பனையாக இருக்கவில்லை.

சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டு கழித்து நோயுற்ற நுரையீரலில் அது மறுபடி வரும்.

அடுத்த சில ஆண்டுகளில் இந்த நொதிக்கு உறவுகள் பல கண்டுபிடிக்கப்பட்டன. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது மாங்கனீசைக் கொண்டது. செல்லுக்கு வெளியே, குறிப்பாக நுரையீரல் திசுவிலும் இரத்தநாளச் சுவரிலும் நிற்கும் மூன்றாம் வகையை 1982இல் சுவீடனின் மார்க்லுண்ட் அறிவித்தார். 1973இல் பெர்னார்ட் பேபியரும் குழுவினரும் இதன் மறுபக்கத்தைக் காட்டினர்: வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்லும்போது வேண்டுமென்றே சூப்பர் ஆக்சைடை உற்பத்தி செய்கின்றன. ஆக, இது கழிவு மட்டுமன்று, ஆயுதமும்கூட. ஆயுதம் என்றால் தவறிப் பட்டுச் சொந்த வீடும் எரியலாம் அல்லவா?

குமமோட்டோவின் எலிகள்

தெற்கு ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி மயேடா புற்றுநோய் மருந்துகளைப் பாலிமரோடு பிணைத்து உடலில் நீண்ட நேரம் தங்கவைக்கும் வித்தையில் பெயர்பெற்றவர். கட்டிகளின் இரத்தநாளங்கள் கசிவதால் பெரிய மூலக்கூறுகள் அங்கே போய்த் தேங்கும் என்று 1986இல் அவர் குழு காட்டியது இன்றும் மருந்தியல் பாடங்களில் உண்டு. அதே கைவித்தையைத்தான் அவரும் ஓடா, அகைக்கே முதலியோரும் இன்ஃப்ளுயன்சாவில் பயன்படுத்தினார்கள்.

அவர்கள் கண்ட முரண் இதுதான். வைரஸ் தொற்றிய சுண்டெலியின் நுரையீரலில் வைரஸின் எண்ணிக்கை சில நாட்களில் உச்சம் தொட்டு இறங்கிவிடுகிறது. எலியோ அதற்குப் பிறகுதான் சாகிறது. வைரஸ் குறையும்போது எலி ஏன் சாக வேண்டும்? நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்தபோது, நோயுற்ற எலிகளின் வெள்ளணுக்கள் நலமான எலிகளைவிட மிகக் கூடுதலாகச் சூப்பர் ஆக்சைடை உமிழ்வது தெரிந்தது.

அப்படியானால் எஸ்.ஓ.டி.யைக் கொடுத்தால் எலி பிழைக்க வேண்டும். இங்கே ஒரு தடை. எஸ்.ஓ.டி. சிறிய புரதம், நாளத்தில் ஏற்றினால் சிறுநீரகம் வடிகட்டிச் சில நிமிடங்களிலேயே பெரும்பகுதியை வெளியேற்றிவிடும். மயேடா குழு அதைப் பைரான் என்ற பாலிமரோடு பிணைத்தது. பிணைத்த நொதி இரத்தத்தில் நீடித்து நின்றது. சாகும் அளவுக்கு வைரஸ் செலுத்தப்பட்ட எலிகளை அது காப்பாற்றியது. 1989இல் சயன்ஸ் இதழில் இது வெளியானது. வைரஸை நேரடியாகத் தொடாத ஒரு மருந்து வைரஸ் நோயிலிருந்து காப்பாற்றியது என்பதுதான் அந்தக் கட்டுரை எழுப்பிய பரபரப்பு.

மறு ஆண்டில் அதே குழு இன்னொரு கட்டுரை வெளியிட்டது. நஞ்சு வெள்ளணுவிலிருந்து மட்டும் வரவில்லை. சாந்தீன் ஆக்சிடேஸும் நோயுற்ற நுரையீரலில் பெருமளவு ஏறியிருந்தது. செல்கள் சிதையும்போது அவற்றின் அடினோசின் உடைந்து இந்த நொதிக்கு இரையாகிறது. நொதி இரையைத் தின்று சூப்பர் ஆக்சைடை உமிழ்கிறது. அதனால் மேலும் செல்கள் சிதைகின்றன. கீல்வாதத்துக்கு இன்றும் தரப்படும் அலோபுரினால் மாத்திரை இந்த நொதியைத் தடுப்பது. அதைக் கொடுத்தபோதும் எலிகள் பிழைக்கும் விகிதம் கூடியது. மெக்கார்டின் சோதனைக்குழாயில் எதிரெதிராக நின்ற அதே இரு நொதிகள் இப்போது எலியின் நுரையீரலில் எதிரெதிராக நின்றன.

1996இல் அகைக்கே குழு நைட்ரிக் ஆக்சைடையும் கணக்கில் சேர்த்தது. சூப்பர் ஆக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் சந்தித்தால் பெராக்ஸிநைட்ரைட் என்ற இன்னும் கொடிய பொருள் பிறக்கிறது. எலிகளின் நுரையீரலில் அதன் தடம் காணப்பட்டது.

ஊசியிலிருந்து மூச்சுக்கு

நோய் நுரையீரலில் இருக்க, மருந்தை ஏன் கையின் நாளத்தில் ஏற்ற வேண்டும்? கேள்வி எளிது. ஆனால் மருந்தை மூச்சில் அனுப்புவது அவ்வளவு எளிதன்று. நீர்த்துளியின் விட்டம் மைக்ரான் கணக்கில் ஐந்துக்கு மேல் போனால் மூக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். ஒன்றிலிருந்து மூன்று மைக்ரான் அளவில் இருந்தால்தான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். மிகவும் நுண்ணியதானால் உள்ளே போன மூச்சோடு வெளியேயும் வந்துவிடும். மருந்து புரதமாக இருந்தால் இன்னொரு சிக்கல்: துளியாகச் சிதறடிக்கும் விசையிலும், காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பிலும், புரதத்தின் மடிப்பு குலைந்து நொதி செயலற்றுப் போகலாம்.

இந்தக் கலையில் கைதேர்ந்திருந்தது ஹூஸ்டனின் பேய்லர் மருத்துவக் கல்லூரி. ரிபாவிரின் மருந்தை நுண்துளியாக்கிக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் முறையை வளர்த்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1985 இறுதியில் அதற்கு ஒப்புதல் அளித்தது. அந்த ரிபாவிரினின் வைரஸ் எதிர்ப்பு ஆற்றலை 1972இல் உலகுக்கு அறிவித்தவர் ராபர்ட் சிட்வெல். பிறகு அவர் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, லோகன் என்ற சிறு நகரில் வைரஸ் மருந்துகளை விலங்குகளில் சோதிக்கும் கூடத்தை நடத்தினார். 1996இல் இந்த இரண்டு இடங்களிலிருந்தும் எஸ்.ஓ.டி. பற்றி இரண்டு கட்டுரைகள் வந்தன. இரண்டிலும் பயன்பட்டது மரபணுத் தொழில்நுட்பத்தால் செய்த மனித மாங்கனீசு எஸ்.ஓ.டி. மாட்டு இரத்தத்தை நம்பியிருக்க வேண்டிய காலம் போய்விட்டிருந்தது. செம்பு வகையைவிட இது உருவில் பெரியது. ஆகவே பாலிமர் துணையின்றியே உடலில் நீண்ட நேரம் தங்கும்.

சிட்வெல்லின் சோதனை சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. அவர் எலிகளுக்குக் கொடுத்த வைரஸின் பெயர் என்.டபிள்யூ.எஸ்./33. இந்தப் பெயருக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். 1933இல் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் ஆய்வகத்தில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் மனித இன்ஃப்ளுயன்சா வைரஸை முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர். கீரியை ஒத்த ஃபெரட் என்ற விலங்கே அதற்குக் கைகொடுத்தது. ஆய்வின் ஊடே வில்சன் ஸ்மித்துக்கே காய்ச்சல் கண்டது. அவரிடமிருந்து எடுத்த வைரஸ் அவருடைய முதலெழுத்துகளையே பெயராகப் பெற்றது. அதன் வழித்தோன்றல்தான் என்.டபிள்யூ.எஸ். ஓர் ஆய்வாளரின் தொண்டையிலிருந்து புறப்பட்ட வைரஸ் அறுபத்துமூன்று ஆண்டு கழித்து யூட்டாவில் எலிகளைக் கொன்றுகொண்டிருந்தது.

முதல் சோதனையில் தொற்றிய 48 மணி நேரத்துக்குப் பிறகு ஊசி தொடங்கியது. எட்டு மணிக்கு ஒருமுறை, ஐந்து நாட்கள். எலிகள் கூடுதல் நாள் உயிரோடிருந்தன. இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு வீழ்வதும் மட்டுப்பட்டது. இந்த அளவை எலியிடம் ஊசி குத்தாமலேயே எடுக்கும் பழக்கத்தைச் சிட்வெல் குழு நிலைப்படுத்தியிருந்தது. கொரோனா காலத்தில் நம் வீடுகளில் விரலில் மாட்டிப் பார்த்த கருவியின் எலி வடிவம் என்று கொள்ளலாம். எலி செத்ததா பிழைத்ததா என்று மட்டும் எண்ணாமல், எப்படி மூச்சுவிட்டது என்றும் பார்த்ததால் இந்தக் கட்டுரைக்குத் தனி மதிப்பு உண்டு.

அடுத்து 96 மணி நேரம், அதாவது முழு நான்கு நாள், காத்திருந்து நாளொன்றுக்கு ஒருமுறை நாளவழி ஊசி போட்டார்கள். மருத்துவமனைக்குத் தாமதமாக வரும் நோயாளியை ஒத்த நிலை இது. எல்லா எலிகளையும் கொல்லும் அளவு வைரஸ் கொடுக்கப்பட்டிருந்தால் மருந்தின் பயன் அற்பமாக இருந்தது. நான்கில் மூன்றைக் கொல்லும் அளவு கொடுக்கப்பட்டிருந்தால் இறப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. தீ எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தே நீரின் பயன் என்று அந்த முடிவைப் படிக்கலாம். மருந்தின் பெருமையை மட்டும் பேசும் பிற்காலத் தொகுப்புகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

மூன்றாவதாக மூச்சுவழி. தொற்றிய 72 மணி நேரத்துக்குப் பின், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வீதம் ஐந்து நாட்கள், நுண்துளி மருந்து நிறைந்த காற்றை எலிகள் சுவாசித்தன. மருந்தின் அளவைக் கூட்டக் கூட்ட நோய் தணிந்தது. மருந்தளவுக்கும் விளைவுக்கும் இடையே இப்படி ஒழுங்கான தொடர்பு தெரிவதை மருந்தியலர்கள் நல்ல அறிகுறியாகக் கருதுவார்கள். தற்செயலாக வந்த முடிவு இப்படிப் படிப்படியாக ஏறாது. இன்ஃப்ளுயன்சா பி வகையில் ஊசியின் பயன் மிதமாகவே இருந்தது.

ஹூஸ்டனில் வைட், கில்பர்ட் முதலியோர் எடுத்துக்கொண்டது ஆர்.எஸ்.வி. வேறு வைரஸ், வேறு விலங்கு. தான் தொற்றிய செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெருஞ்செல்லாக்கும் வைரஸ் இது. 1956இல் முதலில் சிம்பன்சிகளிடம் கண்டறியப்பட்டு, மறு ஆண்டே குழந்தைகளிடமும் காணப்பட்டது. கைக்குழந்தைகளை மூச்சிரைப்போடு மருத்துவமனைக்கு அனுப்பும் வைரஸ்களில் இதற்கே முதலிடம். சாதாரணச் சுண்டெலியில் இது நன்றாகப் பெருகாது. அமெரிக்கத் தென்பகுதி வயல்களில் திரியும் பருத்தி எலியில் பெருகும். அந்த எலிகளுக்கு எஸ்.ஓ.டி.யை நுண்துளியாகக் கொடுத்தபோது தொற்று அடங்கியது.

ஆர்.எஸ்.வி.யில் உடலின் எதிர்வினையே வினையாகும் என்பது மருத்துவ உலகுக்குக் கசப்பான பாடமாக முன்பே வந்திருந்தது. 1960களில் ஃபார்மலின் கொண்டு செயலிழக்கச் செய்த வைரஸைத் தடுப்பூசியாகக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். அடுத்த பருவத்தில் இயற்கையாக வைரஸ் தொற்றியபோது, தடுப்பூசி பெற்ற குழந்தைகளில் பெரும்பாலோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், இருவர் இறந்தனர். தவறாகப் பழக்கப்பட்ட தற்காப்பு, நோயைவிடக் கொடிதாயிற்று. ஆர்.எஸ்.வி. ஆராய்ச்சி பல பத்தாண்டுகள் இந்த நிழலில்தான் நடந்தது.

2001இல் டியூக்கின் ஃபோல்ஸ் குழு நொதியை வெளியிலிருந்து கொடுக்காமல், நுரையீரலில் செல்வெளி எஸ்.ஓ.டி.யைத் தானே கூடுதலாகச் சுரக்கும் எலிகளை மரபணு மாற்றத்தால் உருவாக்கியது. இன்ஃப்ளுயன்சா தொற்றியபோது அவற்றின் நுரையீரல் குறைவாகவே கெட்டது. மருந்தின் தூய்மை, அளவு, நேரம் என்ற சந்தேகங்களுக்கெல்லாம் இடமில்லாத சான்று அது.

ஆயுதத்தைப் பறித்தால்?

இவ்வளவு சான்று இருந்தும் எஸ்.ஓ.டி. ஏன் மருந்துக்கடைக்கு வரவில்லை என்று கேட்பது நியாயம். ஒரு பகுதி விடை, எஸ்.ஓ.டி. மற்ற நோய்களில் பட்ட அடி. மாட்டு எஸ்.ஓ.டி. ஆர்கோடீன் என்ற பெயரில் மூட்டு வீக்கத்துக்கு, அமெரிக்காவில் குதிரைகளுக்கும் ஐரோப்பாவில் மனிதர்களுக்கும் தரப்பட்டுவந்தது; வேற்று விலங்கின் புரதம் என்பதால் ஒவ்வாமை தொல்லை கொடுத்தது. பாலிஎத்திலீன் கிளைக்காலோடு பிணைத்த எஸ்.ஓ.டி.யைத் தலைக்காயம் பட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை, குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்று 1996இல் அறிவித்தது. சிட்வெல்லும் வைட்டும் எலிகளில் நல்ல செய்தி சொன்ன அதே ஆண்டு.

மனித நுரையீரலுக்குள் இந்த நொதி போனதும் உண்டு, வைரஸுக்காக அன்று. குறைமாதத்தில் பிறந்து செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் சிசுக்களின் நுரையீரல் ஆக்சிஜனாலேயே புண்படும். டேவிஸ் குழு 302 குறைமாதச் சிசுக்களைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2003இல் வந்தது. மூச்சுக்குழாய் வழியே எஸ்.ஓ.டி. பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஆரம்பத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஓராண்டு நிறைவில், பெற்ற குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு மருந்துகளின் தேவை குறைந்திருந்தது. மூச்சுவழி எஸ்.ஓ.டி. சிசுவின் நுரையீரலும் தாங்கக்கூடியது என்பதற்கு இதைவிடக் கனமான சான்று எலிகளிடமிருந்து கிடைக்காது.

இன்னொரு பகுதி விடை, அச்சம். வெள்ளணுவால் சூப்பர் ஆக்சைடு தயாரிக்க முடியாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. நாட்பட்ட கிரானுலோமா நோய் என்பார்கள். பாக்டீரியாவும் பூஞ்சையும் அவர்களை ஓயாமல் தாக்கும். இன்ஃப்ளுயன்சாவின் பின்னே பாக்டீரியா நிமோனியா வருவது வழக்கம்; 1918 பெருங்கொள்ளை நோயில் இறந்தவர்களில் பெரும்பாலோரை முடித்தது அதுதான் என்று பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. ஆயுதத்தைப் பறித்துவிட்டு, அடுத்து வரும் எதிரியிடம் நோயாளியை ஒப்படைப்பதா?

2006இல் லண்டனிலிருந்து ஸ்னெல்குரோவ் குழு வெளியிட்ட முடிவு இந்த அச்சத்தை ஓரளவு தணித்தது. அந்த ஆயுதமே இல்லாமல் பிறந்த எலிகளுக்கு இன்ஃப்ளுயன்சா கொடுத்தபோது அவை மோசமாகவில்லை. மற்ற எலிகளைவிட நன்றாகவே தேறின. பாக்டீரியாவுக்கு எதிராக இன்றியமையாத ஆயுதம், வைரஸுக்கு எதிராக வெறும் சேதக்கருவி என்று தோன்றியது. ஆனால் கூடத்து எலிக்குப் பின்னே பாக்டீரியா வரிசையில் நிற்பதில்லை. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு நிற்கிறது. எனவே இந்த அச்சம் முற்றிலும் தீர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. வெள்ளணுவின் உள்ளே, கிருமியை விழுங்கிய பைக்குள் நடக்கும் போருக்கும், வெளியே காற்றறையில் சிந்தும் நஞ்சுக்கும் உள்ள வேறுபாடே நொதி மருந்துக்கு ஆதரவான வலுவான வாதம் என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். நுண்துளியாக வரும் பெரிய புரதம் செல்லுக்குள் எளிதில் புகாது. காற்றறையின் பரப்பில் நின்று, சிந்தியதை மட்டும் துடைக்கும்.

கேட்டலேஸின் முறை

எஸ்.ஓ.டி. வேலையைப் பாதியில் விடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அது சூப்பர் ஆக்சைடை ஒழித்துப் பெராக்சைடை விட்டுவைக்கிறது. பெராக்சைடு செல்சவ்வைத் தாண்டிப் பரவக்கூடியது. இரும்பைச் சந்தித்தால் மேலும் கொடிய வடிவமெடுக்கும். அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்து வேலையை முடிப்பது கேட்டலேஸ். எஸ்.ஓ.டி.யைவிட ஏழு மடங்குக்கு மேல் பெரிய மூலக்கூறு அது. பாலிஎத்திலீன் கிளைக்கால் உறை போர்த்தி மருந்தாக்கலாம் என்று முதலில் காட்டப்பட்ட புரதங்களில் மாட்டுக் கேட்டலேஸும் ஒன்று. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அபுசோவ்ஸ்கியும் டேவிஸும் (சிசுக்களில் சோதித்த டேவிஸ் வேறு) 1977இல் அதை வெளியிட்டனர்.

அந்த உறை போர்த்திய கேட்டலேஸ் நாற்பதாண்டு கழித்து ஆர்.எஸ்.வி.யைச் சந்தித்தது. டெக்சாஸின் கால்வெஸ்டனில் கரோஃபலோ, கசோலா குழுவினர் பல ஆண்டுகளாக ஒன்றைக் கவனித்துவந்தனர்: ஆர்.எஸ்.வி. நஞ்சைப் பெருக்குவதோடு நிற்பதில்லை. நஞ்சை முறிக்கும் நொதிகளின் உற்பத்தியையும் படுக்கவைக்கிறது. அந்த நொதிகளுக்கான மரபணுக்களை இயக்கும் என்.ஆர்.எஃப்.2 என்ற புரதத்தை அது சிதைத்துவிடுகிறது. வீட்டில் தீ வைப்பவனே கிணற்றையும் தூர்த்துவிட்டுப் போவது போல. அப்படியிருக்க, குறைந்துபோன நொதியை வெளியிலிருந்து நிரப்புவது வெறும் யூகம் அன்று. பற்றாக்குறையை ஈடுசெய்யும் சிகிச்சை. 2020இல் வெளியான அவர்களின் ஆய்வில், மூக்குவழி கேட்டலேஸ் பெற்ற சுண்டெலிகளின் எடை இழப்பு குறைந்தது, மூச்சுக்குழாய் அடைப்பு தளர்ந்தது, நுரையீரல் நீரில் பெராக்சைடும் அழற்சிப் பொருள்களும் இறங்கின. கேட்டலேஸைக் கூடுதலாகச் சுரக்கும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளிலும் இதே போக்கு காணப்பட்டது.

அதே ஆண்டு கொரோனா. லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் யுன்ஃபெங் லூ குழு, கேட்டலேஸ் மூலக்கூறு ஒவ்வொன்றையும் மெல்லிய பாலிமர் ஓட்டுக்குள் அடைக்கும் முறையைக் கையில் வைத்திருந்தது. பெராக்சைடு சிறியது என்பதால் ஓட்டைத் துளைத்து உள்ளே போகும். புரதத்தைச் செரிக்கும் பெரிய நொதிகள் போக முடியாது. சீன ஆய்வாளர்களோடு சேர்ந்து இதை ரீசஸ் குரங்குகளில் சோதித்தார்கள்; மூச்சுவழியாகவும் மருந்து கொடுக்கப்பட்டது. கொரோனா வைரஸின் பெருக்கம் மட்டுப்பட்டதாகவும், நச்சு விளைவு எதுவும் தென்படவில்லை என்றும் அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ் இதழில் எழுதினர். சோதிக்கப்பட்ட குரங்குகள் சிலவே. எலிகளை நூற்றுக்கணக்கில் வைத்து இறப்பு விகிதம் கணக்கிடுவதைப்போல் குரங்குகளில் செய்ய முடியாது. எனவே மூன்று நான்கு விலங்குகளில் கண்ட வேறுபாட்டுக்கு அதற்குரிய எடையை மட்டுமே தர வேண்டும். கேட்டலேஸ் வைரஸின் பெருக்கத்தையே குறைத்தது என்பது புதிய செய்தி. 1989இன் குமமோட்டோ எலிகளில் பேச்செல்லாம் சேதத்தைப் பற்றியே இருந்தது.

எஸ்.ஓ.டி. என்ற பெயரில் கடைகளில் விற்கும் மாத்திரைகளுக்கும் மேற்சொன்ன சோதனைகளுக்கும் தொடர்பில்லை. விழுங்கிய நொதி, பருப்பையும் முட்டையையும் போல, வயிற்றில் செரித்துப்போகும் புரதம். அது காற்றறைக்குப் போய்ச் சேருவதில்லை. இதைவிட ஆபத்தானது பாஸ்ரா முறையின் மறுபிறவி. கொரோனா காலத்தில் சமூக ஊடகங்களில் நெபுலைசரில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி இழுத்தால் வைரஸ் சாகும் என்ற செய்தி சுற்றியது. கேட்டலேஸைக் கொண்டு ஆய்வாளர்கள் நுரையீரலிலிருந்து அகற்ற முயன்ற அதே பொருளை, அதே கருவியின் வழியே, மக்கள் தங்கள் கையால் உள்ளே செலுத்தினார்கள். 2021 செப்டம்பரில் அமெரிக்க ஆஸ்துமா ஒவ்வாமை அறக்கட்டளை இதை எவரும் செய்யக்கூடாது என்று எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது.